அக்காவின் விரதங்களும் வேறொருவர் விரலும்

இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் கடைசித் தம்பியின் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் இந்தத் தையோடு ஓராண்டு ஆகிறது. அவருடைய சுருக்கெழுத்து வேகம், பூத்தையல், தில்லிக்கு வந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் செய்த உதவிகள் என்று மற்றவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் உண்மை. எனக்கு ஒதுக்கிய பக்கங்களில் நான் அக்காவின் சர்க்கரை வியாதியைப் பற்றி எழுதப் போகிறேன். நினைவு மலரில் இதையா எழுதுவது என்று முகம் சுளிப்பவர்கள் கடைசிப் பக்கங்களுக்குப் போய்விடலாம். அங்கே படங்கள் இருக்கின்றன.

எழுதக் காரணம் இருக்கிறது. பதினாறாம் நாள் விசேஷத்தன்று பந்தி நடந்துகொண்டிருந்தபோது ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. "தம்பி வீட்டுல அவளுக்கு எல்லாம் அளந்துதான் போட்டாவ. ரெண்டு இட்லிக்கு மேல கெடையாது. செல்வி கையால ஒரு நாளாவது வயிறு நெறைய சாப்பிட்டிருப்பாளா?" செல்வி என் மனைவி. அந்த வரிசைக்குப் பின்னால் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டது. பேசியவர் பெயரை எழுத மாட்டேன், அவருக்கே தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு ஊர் வரைக்கும் போய், இரண்டு சுற்றுச் சுற்றி, "பட்டினி போட்டே முடிச்சிட்டாவ" என்று வளர்ந்து தொலைபேசியில் எங்களுக்கே திரும்பி வந்தது. ஓராண்டாக செல்வி சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்கும் வருவதில்லை. இதற்கு மேல் என்னால் பொறுக்க முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், அதற்குப் பிறகு பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

அக்கா பிறந்தது திருச்செந்தூர் போகும் வழியில் உள்ள ஆறுமுகநேரியில். எங்கள் அப்பா பஸ் கண்டக்டர். ஐந்து பிள்ளைகளில் அக்கா மூத்தவர், நான் கடைசி. எங்கள் இருவருக்கும் பதினோரு வயது வித்தியாசம். தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்து, மத்திய அரசுத் தேர்வு எழுதி, இருபத்தொன்றாம் வயதில் தனியாக தில்லிக்கு ரயில் ஏறினார். அப்போது அவருக்குத் தெரிந்த ஹிந்தி 'பானி' என்ற ஒரு சொல்தான். மந்திர் மார்க் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி, லோதி ரோட்டில் இருந்த அலுவலகத்துக்கு பஸ்ஸில் போய் வந்தார். முதல் குளிர்காலத்தில் ஸ்வெட்டர் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க மொழி தெரியாமல், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சேலை கட்டிக்கொண்டு ஒரு வாரம் அலுவலகம் போனாராம். யாரிடமாவது சைகையில் கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்க மாட்டார். கேட்காமல் சமாளிப்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

அத்தானும் தில்லியில் மத்திய அரசு வேலையில் இருந்தவர், கோவில்பட்டிக்காரர். கல்யாணத்துக்குப் பிறகு லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. நான் பி.காம். முடித்துவிட்டு ஊரில் சுற்றிக்கொண்டிருந்தபோது அக்காதான் என்னை வரவழைத்து, பரீட்சைக்கு உட்கார வைத்து, மூன்றாவது தடவையில் தேற வைத்தார். முதல் இரண்டு தடவை தோற்றபோது அவர் ஒரு சொல் சொல்லவில்லை. நானாக இருந்தால் வீட்டைக் கூரையோடு பெயர்த்திருப்பேன்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காகத்தான் கந்த சஷ்டி விரதத்தைத் தொடங்கினார். ஐப்பசியில் ஆறு நாள், பகலில் தண்ணீர், மாலையில் பூஜைக்குப் பிறகு கொஞ்சம் பாலும் பழமும். ஆறாம் நாள் சூரசம்ஹாரம் முடிந்துதான் சாப்பாடு. எனக்குத் தெரிந்து நாற்பது ஆண்டுகள் அவர் ஒரு சஷ்டியையும் விட்டதில்லை.

சஷ்டி ஒன்றோடு நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். லோதி ரோட்டில் கீழ் வீட்டில் சுனிதா ஜி என்று ஒரு அம்மா இருந்தார். தங்கமான மனுஷி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவரிடம் ஒரு ஹிந்தி நாள்காட்டி இருந்தது. அக்காவிடம் ஊரிலிருந்து வரும் தமிழ் நாள்காட்டி இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்ததில், மாதத்தில் சோறு சாப்பிடுவதற்கு என்று சில நாட்கள்தான் மிஞ்சின. நம் கிருத்திகை, நம் சஷ்டி, நம் பிரதோஷம், அவர்கள் திங்கட்கிழமை, அவர்கள் ஏகாதசி, வருஷத்துக்கு இரண்டு நவராத்திரி ஒன்பது ஒன்பது நாள். "நல்ல காரியத்துல நம்மது என்ன, அவியது என்ன" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

நாற்பத்தாறு வயதில் அலுவலக மருத்துவ முகாமில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. தெரிந்தது அக்காவுக்கு மட்டும். அந்த ரிப்போர்ட்டைச் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். ஆறு மாதம் கழித்து அத்தான் வேறு எதையோ தேடப் போய் அது அகப்பட்டது. "இனிமே பாயசம் குடிக்க மாட்டேன், அம்புட்டுதானே" என்றாராம். சொன்னபடி அன்றிலிருந்து காப்பியில் சர்க்கரையைத் தொடவில்லை. பாயசத்தையும் இனிப்பையும் அவர் உதறிய மாதிரி வேறு யாரும் உதறியிருக்க முடியாது. சிக்கல் எல்லாம் விரதத்தில் இருந்தது.

அத்தான் காலமான பிறகு அக்கா மயூர் விஹாரில் எங்களோடு வந்து இருந்தார். அப்போதுதான் அவருடைய விரதச் சாப்பாட்டை நான் முழுசாகப் பார்த்தேன். நம் விரதத்தில் அரிசிச் சோறு ஆகாது. சுனிதா ஜியின் விரதத்தில் தானியமே ஆகாது. இரண்டையும் கூட்டிக் கழித்து அக்கா ஒரு முறை வைத்திருந்தார். உருளைக்கிழங்கு ஆகும், ஜவ்வரிசி ஆகும், சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகும், வாழைப்பழம் எத்தனை வேண்டுமானாலும் ஆகும். காலையில் ஜவ்வரிசிக் கிச்சடி, மத்தியானம் நெய்யில் வறுத்த உருளைக்கிழங்கு, சாயங்காலம் இரண்டு பழம். சாதாரண நாளில் அவர் சாப்பிடுவதே இதில் பாதிதான். மறுநாள் காலையில் சர்க்கரை பார்க்கும் மெஷின் முன்னூற்றுப் பத்து காட்டும்.

"நேத்து விரதம்லா? ஒண்ணுமே சாப்பிடல. மெஷின் பொய் சொல்லுது" என்பார்.

"அக்கா, ஜவ்வரிசியும் மாவுதான். கெழங்கும் மாவுதான். உள்ள போனா எல்லாம் சர்க்கரைதான்."

"அதுல உப்புகூட சாதா உப்பு இல்ல தம்பி. விரதத்துக்குன்னு இருக்கிற உப்பு."

உப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கத்துவேன். செல்வி வந்து பால்கனிக் கதவைச் சாத்துவாள். எங்கள் வீட்டில் மாதம் ஏழெட்டுத் தடவை இது நடக்கும். டிஸ்பென்சரியில் எங்களைப் பார்க்கும் டாக்டரம்மா பஞ்சாபிக்காரர், பொறுமைசாலி. விரத நாளில் வேகவைத்த காய், மோர், கொஞ்சம் பாதாம், வறுக்காத மக்கானா என்கிற தாமரை விதைப் பொரி என்று தாளில் எழுதியே கொடுத்தார். அக்கா அதை வாங்கி, கண்ணில் ஒற்றி, பூஜை அலமாரியில் வைத்தார். மறுபடி எடுத்துப் பார்க்கவே இல்லை.

சஷ்டியில் கதை தலைகீழ். அப்போது உண்மையாகவே வயிறு காலி. ஆனால் காலை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்வார். "மாத்திரை சாப்பாடு இல்லையே, விரதத்துக்கு ஒண்ணுஞ் செய்யாது" என்பது அவர் கண்டுபிடிப்பு. அந்த மாத்திரை சர்க்கரையை இறக்குவதற்குத்தான் இருக்கிறது. வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது அது எங்கே போய் நிற்கும்? நான்கு ஐப்பசிக்கு முன்பு, சஷ்டி நான்காம் நாள் மத்தியானம், பூஜை அலமாரிக்கு முன்னால் அக்கா சரிந்து விழுந்தார். வியர்த்து ஊற்றுகிறது, கை நடுங்குகிறது, நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. மெஷினில் நாற்பத்தெட்டு. செல்வி சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொண்டு வந்தாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டார். அந்த நிலையிலும் விரதம் ஞாபகம் இருந்திருக்கிறது பாருங்கள். நான் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து ஊற்றினேன்.

எழுந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என் விரதத்த முறிச்சிட்டியா?" பிழைத்தோமே என்று ஒரு சொல் இல்லை. ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை, பேசாதவரிடமும் கத்திக்கொண்டுதான் இருந்தேன். கத்தியதெல்லாம் பயத்தில். அது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கேட்டது சத்தத்தைத்தான்.

பிறகு டாக்டரம்மா நடுவில் வந்து ஓர் ஏற்பாடு செய்தார். விரத நாட்களில் எந்த மாத்திரையை விட வேண்டும், எதைப் பாதியாக்க வேண்டும் என்று எழுதித் தந்தார். விரதத்தன்று காலையில் சர்க்கரை எண்பதுக்குக் கீழே இருந்தாலும் இருநூற்றைம்பதுக்கு மேலே இருந்தாலும் அன்றைக்கு விரதம் கிடையாது. இடையில் எழுபதுக்குக் கீழே போனால் உடனே ஏதாவது இனிப்பாகக் குடிக்க வேண்டும், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். இது அக்காவுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தது, மற்றவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும். அக்கா எல்லாவற்றுக்கும் "அச்சா ஜி, அச்சா ஜி" என்று தலையாட்டினார். அவ்வளவு சுலபமாக அவர் தலையாட்டியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நான் காலை ஏழரைக்கு மெட்ரோ பிடிக்கக் கிளம்பிவிடுவேன். நான் போன பிறகுதான் அக்கா எழுந்து, விரலில் ஊசி குத்தி, சர்க்கரை பார்ப்பார். விடுமுறை நாளில் நான் தூங்கி எழுவதற்குள் பார்த்து முடித்துவிடுவார். மாலையில் வந்து மெஷினில் பதிவாகியிருக்கும் எண்ணை நான் நோட்டில் எழுதுவேன். மெஷின் பொய் சொல்லாது என்று எனக்கு நம்பிக்கை. நூற்றிரண்டு, தொண்ணூற்றாறு, நூற்றெட்டு. நோட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. கத்தினால்தான் இந்த வீட்டில் காரியம் நடக்கிறது என்று செல்வியிடமே சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் மட்டும் அக்காவின் சர்க்கரை தாறுமாறாக வந்தது. டாக்டரம்மா நோட்டையும் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "யே தோனோ ஏக் ஹி இன்சான் கே ஹைன் க்யா?" என்று கேட்டார். இரண்டும் ஒரே ஆளுடையதுதானா என்று. எனக்குச் சுருக்கென்று வந்தது. மெஷின்தான் கோளாறு என்று முடிவு கட்டி, அதைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டுப் புது மெஷின் வாங்கினேன். அதிலும் நூற்று நான்கு. காலையில் இப்படி இருக்கும்போது மருந்தைக் கூட்டினால் மறுபடி விழுந்துவிடுவார் என்று டாக்டரம்மா தயங்கினார். இன்சுலின் தொடங்க வேண்டியது தள்ளிப்போனது. ஓராண்டுக்கு மேல் இப்படியே ஓடியது.

பிறகு காலை எண் மெல்ல ஏறத் தொடங்கியது. நூற்று முப்பது, நூற்றைம்பத்தைந்து, நூற்றெண்பது. நான் விட்டேனா? அக்காவுக்கு மூன்று இட்லியை இரண்டாக்கினேன். ராத்திரிச் சப்பாத்தியில் ஒன்றைக் குறைத்தேன். அவர் தட்டில் விழுவதை எல்லாம் நின்று பார்த்தேன். அக்கா ஒரு நாள்கூட முறையிடாமல் இரண்டு இட்லியைச் சாப்பிட்டு எழுந்துபோனார். ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் நான்கு நாள் தங்கிய சொந்தக்காரர் பார்த்தது இந்த இரண்டு இட்லியைத்தான். அளந்தது நான். செல்வி இல்லை. இதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி அச்சகத்தில் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷின் மூன்றாவது நாளாக இருநூறைத் தாண்டி, இருநூற்றுப் பன்னிரண்டு காட்டியது. நோட்டைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். பால்கனியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செல்வி சமையலறை வாசலில் நின்றாள்.

"என்னக்கா இது? ராத்திரி என்ன சாப்பிட்டிய? உள்ளதச் சொல்லுங்க."

"தம்பி, உக்காரு. சத்தம் போடாம கேக்கணும்."

"நான் எப்பக்கா சத்தம் போட்டேன்?" என்று சத்தம் போட்டேன்.

"அது என் ரத்தம் இல்ல. செல்வியோடது."

எனக்குப் புரியவில்லை. அக்கா கீரையைக் கீழே வைத்துவிட்டு, அலுவலகத்தில் குறிப்பு எடுத்துப் படிப்பது போல நிதானமாகச் சொன்னார். "அந்தச் சஷ்டி முடிஞ்சதுலருந்து அவ வெரலுதான். நான்தான் கேட்டேன். அவ மாட்டேன்னுதான் சொன்னா. விரத நாளைக்கு மட்டும்னு ஆரம்பிச்சது, தெனமும் ஆயிட்டு. என் நம்பர் கூட இருந்தா நீ விரதம் இருக்க விட மாட்ட, சாயங்காலம் வந்து கத்துவ. அவ வெரல்ல குத்துனா நீ சந்தோசமா நோட்டுல எழுதிட்டுச் சும்மா இருப்ப."

அதாவது, ஒன்றரை ஆண்டாக நான் பெருமையோடு எழுதி வைத்தது என் மனைவியின் சர்க்கரை. செல்வி ராத்திரி மைசூர்பாகு தின்றதற்கு அக்காவின் இட்லியைக் குறைத்திருக்கிறேன். அக்காவின் கையைப் பிடித்து விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு ஊசிக் குறி இல்லை. செல்வியின் விரல்களில் புள்ளி புள்ளியாக இருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைப் பார்க்காத மடையன் நான்.

கத்தினேன். தமிழில் தொடங்கி, ஹிந்திக்குப் போய், ஆங்கிலத்தில் முடித்தேன். எதிர் பிளாட்டில் இரண்டு பேர் பால்கனிக்கு வந்து பார்த்தார்கள். அக்கா நான் முடிக்கும் வரை காத்திருந்தார்.

"கத்தி முடிச்சாச்சா? சரி. இப்ப செல்விய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. மூணு நாளா எரநூறுக்கு மேல காட்டுது. மெஷின் கோளாறோன்னு பழைய மெஷின்லயும் அவ வெரலக் குத்திப் பாத்தேன், அதுலயும் அதேதான் காட்டுது. போன்னு சொல்லுதேன், போமாட்டேங்கா. உன்கிட்ட இத மறைச்சே வச்சிருக்கலாம். ஆனா அவளுக்கு நாப்பத்தொம்பது வயசுதான் ஆவுது. இருவது வருசத்துக்கு மேல இந்தச் சீக்கோட கெடக்கேன், தள்ளிப் போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்ணுமில்ல மதினி. மெஷின்தான் கோளாறு" என்றாள் செல்வி.

அக்காவின் பக்கத்தில் இருந்து இருந்து இவளும் அதே பாட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு இன்னொன்றும் தெரிந்தது. நான் அலமாரியில் போட்ட பழைய மெஷின் சும்மா இருக்கவில்லை. இடையில் வந்த சஷ்டியில் ஆறு நாளும், பதினொரு மணிக்கு ஒரு தடவை, நான்கு மணிக்கு ஒரு தடவை, செல்வி அந்த மெஷினில் அக்காவின் விரலையே குத்திப் பார்த்திருக்கிறாள். இரண்டு நாள் எழுபதுக்குக் கீழே போயிருக்கிறது. இரண்டு நாளும் பாலில் சர்க்கரை போட்டு நீட்டியிருக்கிறாள். என்னிடம் பல்லைக் கடித்த அக்கா அதை வாங்கிக் குடித்திருக்கிறார். எப்படிக் குடிக்க வைத்தாய் என்று கேட்டேன். "குடிங்க மதினின்னு சொன்னேன், குடிச்சாவ" என்றாள். இதுதான் செல்வி அக்காவைப் பட்டினி போட்ட லட்சணம்.

மறுநாள் விடுப்பு எடுத்து இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். அக்காவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, "பாயி சாப், ஆப் இத்னா சில்லாதே க்யோன் ஹைன்?" என்றார். நீங்கள் ஏன் இவ்வளவு கத்துகிறீர்கள் என்று. மருத்துவம் கேட்கப் போன இடத்தில் எனக்கு இந்தக் கேள்வி.

செல்விக்கு ஆரம்ப நிலையிலேயே பிடித்தாகிவிட்டது. மாத்திரை, நடை, சாப்பாட்டு ஒழுங்கு என்று இப்போது கட்டுக்குள் இருக்கிறது. அக்காவுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. இந்த ஒன்றரை ஆண்டால்தான் இப்படி ஆனதா என்று மூன்று தடவை கேட்டேன். இருபது ஆண்டு வியாதி, இதனால் கொஞ்சம் வேகப்பட்டிருக்கலாம், படாமலும் இருக்கலாம், சொல்ல முடியாது என்று மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொன்னார். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. இன்னாரால் போனார் என்று தீர்ப்புச் சொல்ல ஊரில் இருக்கிறவர்களுக்கு எங்கிருந்து தெரிந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு காலையில் அரைமணி முன்னால் எழுந்து நானே அக்காவின் விரலில் குத்திப் பார்த்து, இன்சுலின் போட்டுவிட்டு அலுவலகம் போனேன். ஆடியில் டயாலிசிஸ் தொடங்கியது, வாரம் இரண்டு தடவை. ஐப்பசியில் சஷ்டி வந்தது. டாக்டரம்மா கூடவே கூடாது என்றுவிட்டார். இந்தத் தடவை அக்கா வாதாடவில்லை. முதல் நாள் காலை இட்லியைப் பிட்டு வாயில் வைத்தவர் கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, பிள்ளை வேணும்னு ஆரம்பிச்ச விரதம். அது கெடைக்கல. அப்புறம் என்னத்துக்கு இத்தனை வருசம் இப்படி உயிரக் குடுத்து இருந்திய?"

"பிள்ளை கேக்குறத நாப்பது வயசுலயே விட்டுட்டேன். அப்புறம் கேக்க ஒண்ணும் தோணல. ஆபீஸ்ல லெட்டர் அடிச்சுக் குடுங்காவ, வீட்டுல சோறு போடுங்காவ, ஊர்ல இருந்து வேலை வாங்கிக் குடுங்காவ. அந்த ஆறு நாளு மட்டும் யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாவ. விரதம் இருக்கா, விட்டுருவோம்னு போயிருவாவ. எனக்கு அது புடிச்சிருந்தது."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"நீ இன்னைக்குத்தான கேக்க" என்று சொல்லிவிட்டு இட்லியைச் சாப்பிட்டார்.

தையில் மார்பு வலி என்று மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு, செல்வி பக்கத்தில் இருந்து தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, அக்காவின் மூச்சு நின்றது. நான் கீழே மருந்து வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

கடைசி ஆண்டுகளில் அக்காவைப் பொறுமையோடு பார்த்த டாக்டரம்மாவுக்கும், டயாலிசிஸ் பிரிவில் ஊசி வலிக்காமல் குத்திய நர்ஸ் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. லோதி ரோட்டை விட்டு ரோஹிணிக்குக் குடி போன பிறகும், முட்டி வலியோடு இரண்டு மெட்ரோ மாறி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சுனிதா ஜிக்கு நன்றி. அந்த நாள்காட்டி விஷயத்தில் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் இப்போது பாதிதான் இருக்கிறது. தோள் கொடுத்த குடியிருப்பு நண்பர்களுக்கும், பதினாறு நாளும் சமைத்து அனுப்பிய தமிழ்க் குடும்பங்களுக்கும், ஊரிலிருந்து கிடைத்த ரயிலில் நின்றுகொண்டு வந்தவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

செல்வி, இதில் உன் பெயரைப் போட வேண்டாம் என்றாய். போட்டுவிட்டேன். ஒன்றரை ஆண்டு தினமும் விரலைக் கொடுத்தது தப்புதான், நீயும் ஒப்புக்கொண்டாய். வீட்டில் சத்தம் இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் கொடுத்தேன் என்றும் சொன்னாய். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

அக்கா, உங்களைப் பொய் சொல்ல வைத்தது என் வாய். சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஜவ்வரிசி விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி, அதில் மாற்றமில்லை.

போன ஐப்பசியில் செல்வி உங்களுக்காக சஷ்டி ஒரு நாளாவது இருக்கப் போகிறேன் என்றாள். எனக்குக் கத்தல் தொண்டை வரை வந்தது. அடக்கிக்கொண்டு, டாக்டரைக் கேட்போம் என்று மட்டும் சொன்னேன். கேட்டோம், மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், ஒரு நாள் இருந்தாள். அன்று காலை எழுந்ததும் அவளே மெஷினை எடுத்து வந்து என் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஊசி குத்தினேன். நூற்றுப் பதினெட்டு. அது அவளுடைய எண்தான், அக்கா. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.